ஹாக்கோன் என்னும் பெயர்: நார்வே அரச மரபில் ஒரு பெயரின் வரலாறு

1. தோற்றுவாய்

1905ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் நார்வே நாட்டுப் பாராளுமன்றம் டென்மார்க்கு நாட்டு இளவரசர் கார்ல் என்பாரைத் தன் அரசராகத் தேர்ந்தெடுத்தது. அப்பொழுது முப்பத்துமூன்று அகவையினராக இருந்த அவர், அழைப்பினை ஏற்றுக்கொண்டபோதே தம் இயற்பெயரை விடுத்து 'ஏழாம் ஹாக்கோன்' என்னும் பெயரைப் பூண்டார். அவருக்கு முன் அப்பெயர் தாங்கிய ஆறாம் ஹாக்கோன் இறந்தது 1380ஆம் ஆண்டில் ஆகும். இருவருக்கும் இடைப்பட்ட 525 ஆண்டுகளில் ஹாக்கோன் என்னும் பெயருடைய அரசர் ஒருவரேனும் நார்வேயை ஆண்டிலர்.

டேனியராய்ப் பிறந்து டேனிய மொழி பேசி வளர்ந்த ஒருவர், ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வழக்கொழிந்த அரசப்பெயரை எடுத்துக்கொள்ளக் காரணம் யாது? அங்ஙனம் எடுத்துக்கொண்ட பெயர் அவருக்கு உரியதாயிற்றா? இவ்விரு வினாக்களையும் உளத்திற்கொண்டு, இப்பெயரின் பொருளையும், இதனைத் தாங்கியோருள் தலைசிறந்தார் சிலரின் வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

ஹாக்கோன் என்பது பழைய நார்சு மொழிப் பெயர். இஃது இரு சொற்கள் இணைந்து ஆயதென்பர். முற்பகுதியாகிய 'ஹா' என்பதற்கு 'உயர்ந்த' என்று பொருள் கூறுதல் பெருவழக்கு. குதிரையைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றன் திரிபாகக் கருதுவாரும் உளர். பிற்பகுதியாகிய 'கோன்ர்' என்பது குடியிற் பிறந்தவன், வழித்தோன்றல் என்னும் பொருளது. எனவே 'உயர்குடித் தோன்றல்' என இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அரசனைக் குறிக்கும் 'கொனுங்ர்' என்னும் நார்சுச் சொல்லும் குடி என்னும் பொருளுடைய அதே வேரினின்று பிறந்ததே.

ஈண்டு 'கோன்' என்னும் ஒலியைக் கேட்ட தமிழ் மாணவர்க்கு நம் மொழியில் அரசனைக் குறிக்கும் 'கோன்' என்னும் சொல் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும் இவ்விரண்டையும் உறவுடையன எனத் துணிதல் பொருந்தாது. நார்சுச் சொல் குடிப்பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல் 'கோ' என்பதன் அடியாகப் பிறந்தது. ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்று ஆகாதென்பது சொல்லாராய்ச்சியின் முதற்பாடமாகும்.

பண்டைய நீண்ட 'ஆ' ஒலி நார்வே மொழியில் காலப்போக்கில் 'ஓ'வினை ஒத்த ஒலியாக மாறிவிட்டமையால், இன்று அந்நாட்டார் இப்பெயரை 'ஹோக்கோன்' என்பதற்கு நெருங்கவே ஒலிக்கின்றனர். சுவீடனில் இது 'ஹோக்கான்' எனத் திரிந்தது. ஐசுலாந்தில் 'ஹௌக்கோன்' என ஒலிக்கப்பெறும். 1917ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தின்போது நார்வேயில் இவ்வொலிக்கு இரட்டை 'ஏ' எழுதும் முறை கைவிடப்பட்டு, தலையில் வட்டமிட்ட ஒற்றை எழுத்து வழக்கிற்கு வந்தது. ஆயினும் அரச குடும்பத்தார் பெயரில் பழைய எழுத்துமுறையே நிலைபெற்றுள்ளது. நாமும் அவ்வெழுத்து வடிவினைத் தழுவி 'ஹாக்கோன்' என்றே எழுதுவோம்.

வடநாட்டார் பெயரிடு முறையில் கருதத்தக்க வழக்கு ஒன்று உண்டு. இறந்துபட்ட உறவினரின் பெயரைப் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு இடுவதே அது. பாட்டன் பெயரைத் தாங்குதலால் 'பெயரன்' எனப் பெயர்பெற்றான் என்று கூறும் தமிழ்மரபினர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். பெயர் இடப்படுங்கால் மறைந்தார் ஒருவரின் இடம் மீண்டும் நிரப்பப்படுகின்றது என்பதே இவ்வழக்கின் உட்கிடை.

3. நல்லோன் ஹாக்கோன்

இப்பெயர் கொண்ட முதல் அரசர், நார்வேயை ஒருங்கிணைத்தவராகக் கூறப்படும் அழகிய கூந்தல் ஹரால்டு என்பாரின் இளைய மகனாவார். இவர் இங்கிலாந்து வேந்தர் அதெல்சுடனின் அவையில் வளர்ந்தார். அதனால் 'அதெல்சுடனின் வளர்ப்பு மகன்' என்றும் வழங்கப்பட்டார். கிறித்தவ சமயத்தைத் தழுவிய இவர், கி.பி. 934 அளவில் தாயகம் திரும்பித் தம் உடன்பிறந்தாராகிய குருதிக்கோடரி எரிக் என்பாரை அகற்றி அரசரானார். ஆகவே முதல் ஹாக்கோனும் அயல்நாட்டில் வளர்ந்து வந்து அரியணை ஏறியவரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் ஐசுலாந்து அறிஞர் சுனோரி சுடர்லுசன் இயற்றிய அரசர் வரலாற்று நூல்வழி அறிவனவே. அந்நூல் 1230 அளவில் எழுந்தது. ஹாக்கோன் இறந்து ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்டமையின், அதன்கண் உள்ள உரையாடல்களை அவ்வாறே நிகழ்ந்தனவாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் அந்நூல் காட்டும் அரசியல் நிலை பொருளுடையது. அரசர் உழவர் பேரவையில் எழுந்து, அனைவரும் புதுச்சமயம் தழுவவேண்டுமென வேண்டுகின்றார். உழவர் தலைவர் ஒருவர் எழுந்து, முன்னோர் நெறியைத் தாங்கள் விடுவதற்கில்லையென்றும், அரசர் வற்புறுத்துவாராயின் வேறோர் அரசரைத் தேடிக்கொள்வதாகவும் மறுமொழி கூறுகின்றார். அரசர் பணிகின்றார். வேள்வி விருந்தில் குதிரை இறைச்சி வெந்த கொப்பரையின் பிடியைத் துணியாற் சுற்றி, அதன்மேல் வாயைத் திறந்து காட்டியதோடு அமைகின்றார். அதுவும் போதாதென்றபோது, மற்றொரு விருந்தில் குதிரை ஈரலில் சில துண்டுகள் உண்கின்றார்.

இஃது ஓர் அரசரின் தோல்வியாகத் தோன்றலாம். ஆனால் மக்கள் இவருக்கு இட்ட அடைமொழி 'நல்லோன்' என்பதே. 961 அளவில் ஃபிட்யார் என்னும் இடத்துப் போரில் புண்பட்டு இவர் இறந்தபோது, ஐவிந்து என்னும் புலவர் இவர்மீது பாடிய கையறுநிலைப் பாடல், கிறித்தவராகிய இவரைப் பழைய தெய்வங்களே தம் மண்டபத்தில் வரவேற்பதாக அமைந்துள்ளது. சமயத்தால் வேறுபட்ட மக்கள் இவரைத் தம்மவராகவே வழியனுப்பினர் என்பதற்கு இது சான்று.

இதற்கு மறுதலையாக அமைந்தது, அந்நூற்றாண்டின் இறுதியில் நார்வேயை ஆண்ட ஹாக்கோன் கோமகன் வரலாறு. இவர் அரசப்பட்டம் பூணாமல் 'யார்ல்' என்னும் கோமகன் பட்டத்துடனேயே ஆண்டவர். பழைய சமயத்தின் காவலர். கடற்போரில் டேனியர் பக்கத்துப் படையை முறியடித்தவர். எனினும் இறுதிக்காலத்தில் குடிமக்களின் வெறுப்புக்கு ஆளாயினார். 995ஆம் ஆண்டில் உழவர் திரண்டெழுந்தபோது, ஒளிந்திருந்த இடத்தில் தம் அடிமையின் கையாலேயே கொலையுண்டார் என்று வரலாற்று நூல்கள் கூறும். சமயத்தில் மக்களோடு ஒன்றியிருந்தும் அவர்தம் இசைவை இழந்தவர் இவர். சமயத்தில் வேறுபட்டும் அவ்விசைவைப் பெற்றவர் நல்லோன் ஹாக்கோன். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, குடிகளின் இசைவே அந்நாட்டில் ஆட்சிக்கு அடிப்படையாயிருந்தமை புலனாகும்.

4. தந்தையின் பெயர் பெற்ற மகவு

மூன்றாம் ஹாக்கோன் 1204ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்தார். அவ்வாண்டிலேயே வார்த்தெய்க் ஊரினளாகிய இங்கா என்பாள் ஓர் ஆண்மகவை ஈன்று, அஃது இறந்த அரசரின் மகவென அறிவித்தாள். தந்தை உயிருடன் இலர்; ஆதலின் மரபுப்படி அவர் பெயரே மகவுக்கு இடப்பட்டது. நாட்டில் இரு கட்சியினரும் அரியணைக்குப் போரிட்டுவந்த காலம் அது. 1206ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், 'பிர்க்கபெய்னர்' எனப்பட்ட கட்சியின் வீரர் இருவர், பனிச்சறுக்குக் கட்டைகளின்மேல் சென்று இக்குழந்தையை மலைகடந்து காத்தனர். லில்லஹாம்மர் பகுதியிலிருந்து கிழக்குப் பள்ளத்தாக்கிற்கு அவர்கள் சென்ற அச்செலவின் நினைவாக, 1932ஆம் ஆண்டு ஒரு பனிச்சறுக்குப் போட்டி தொடங்கப்பெற்றது. போட்டியிடுவோர் மூன்றரைக் கிலோ எடையுள்ள மூட்டையைச் சுமந்து செல்லுதல் அதன் மரபு. அம்மூட்டை அக்குழந்தைக்கு ஈடாக அமைந்தது.

பெயர் தந்தையினுடையதாயினும், பிறப்பில் ஐயம் நீங்கிற்றில்லை. 1217இல் பதின்மூன்று அகவையில் அரசராக ஏற்கப்பட்ட நான்காம் ஹாக்கோனின் உரிமையை நிலைநாட்ட, மறு ஆண்டில் அவர்தம் தாய் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்திச் சூளுறவு செய்ய நேர்ந்தது. 1223இல் பெர்கன் நகரில் கூடிய பேரவை அவர் உரிமையை உறுதிசெய்தது. எனினும் அவர்தம் மாமனாராகிய சுகூலே 1239இல் தாமே அரசரென அறிவித்துக் கிளர்ந்தெழுந்து, அடுத்த ஆண்டில் கொல்லப்பட்டார். 1247இல் திருத்தந்தையின் தூதராய் வந்த கர்தினால் ஒருவர் பெர்கனில் ஹாக்கோனுக்கு முடிசூட்டினார். பெயரிடப்பட்ட நாள்தொட்டு நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பெயர்க்குரிய முடி அவர் தலையில் ஏறிற்று.

பெர்கனில் இன்றும் காணப்படும் ஹாக்கோன் மண்டபம் இவரால் எழுப்பப்பட்டது. ஐசுலாந்தும் கிரீன்லாந்தும் இவர் காலத்திலேயே நார்வே அரசிற்கு உட்பட்டன. இவர் ஆட்சியின் பெருமையைக் கூறுவார் அதன் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் கூடாது. முன்னர்க் குறிப்பிட்ட சுனோரி சுடர்லுசன், இவர் கட்டளையின் வழியே 1241ஆம் ஆண்டு ஐசுலாந்தில் தம் இல்லத்தில் கொல்லப்பட்டார். முதல் ஹாக்கோனின் புகழை உலகறியச் செய்த புலவர், நான்காம் ஹாக்கோனின் ஆணையால் உயிர் துறந்தார். மேலும் வியத்தற்குரியது, இவ்வரசரின் வரலாற்றை எழுதியவரே சுனோரியின் உடன்பிறந்தார் மகனாகிய சுடுர்லா தோர்தர்சன் என்பது. ஹாக்கோனின் மகன் மாக்னசு ஏவ, அவர் அதனை எழுதினார்.

சுகாத்துலாந்துடன் போர் செய்யச் சென்ற ஹாக்கோன் 1263ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர்க்னித் தீவில் நோயுற்று இறந்தார். நோய்ப்படுக்கையில் முதலில் இலத்தீன் நூல்களைப் படிக்கக் கேட்டார். அவற்றின் பொருளை உணர்தல் சோர்வு தரவே, தாய்மொழி நூல்களைப் படிக்கச் செய்தார். முன்னோராகிய அரசர்தம் வரலாறுகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. தம் பாட்டனார் சுவெர்ரேயின் வரலாறு முடிந்த சிறிது பொழுதில் அவர் உயிர் நீங்கிற்று என்று சுடுர்லா எழுதுகின்றார். பிறப்பே ஐயத்திற்குள்ளாகிய ஒருவர், தம் குடியின் பெயர்வரிசையைச் செவியேற்றவாறே இறந்தார் என்னும் இச்செய்தி நம் நெஞ்சைத் தொடுகின்றது.

5. பெயர் மறைந்த காலம்

1319இல் ஐந்தாம் ஹாக்கோன் ஆண்மகவின்றி இறந்தார். அவர் மகள் வயிற்றுப் பெயரன் மாக்னசு நார்வேக்கும் சுவீடனுக்கும் அரசரானார். அம்மாக்னசின் மகனே ஆறாம் ஹாக்கோன். 1349இல் நார்வேயிற் புகுந்த கொள்ளைநோய் நாட்டின் குடித்தொகையையும் பெருங்குடிகளையும் பெரிதும் அழித்திருந்த காலத்தே அவர் ஆண்டார். டென்மார்க்கு மன்னர் மகள் மார்கரெட்டை 1363இல் மணந்தார். 1380இல் அவர் இறக்க, அவர்தம் ஒரே மகன் ஓலாவ் இரு நாடுகளுக்கும் அரசரானார். 1387இல் அவரும் இளமையிலேயே இறந்தார். அன்றுமுதல் நார்வே அயலரசுகளோடு பிணைக்கப்பட்டு, நாளடைவில் டென்மார்க்கின் கீழ் அடங்கிற்று.

இக்காலப் பகுதி தமிழகத்தோடும் ஒரு தொடர்புடையது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை எடுத்த டேனியரின் அரசர் நான்காம் கிறித்தியன், நார்வேக்கும் அரசரே. 1706இல் சீகன்பால்குவை அங்கு அனுப்பிய நான்காம் பிரடெரிக்கும் அத்தகையரே. 1513 முதல் 1814 வரை அவ்விரு நாடுகளையும் ஒருங்கு ஆண்ட அரசர் அனைவரும் கிறித்தியன், பிரடெரிக்கு என்னும் இரு பெயர்களையே மாறிமாறிப் பூண்டனர். இராசகேசரி, பரகேசரி எனச் சோழர் மாறிமாறிப் பூண்ட பட்டங்களை அறிந்தார்க்கு இம்முறை புதுமையன்று. தரங்கம்பாடியில் அடிக்கப்பட்ட காசுகளில் இப்பெயர்களின் முதலெழுத்துகளைக் காணலாம். நார்வேயின் தொல்பெயர்களாகிய ஹாக்கோனுக்கோ ஓலாவுக்கோ அவ்வரிசையில் இடமில்லை.

6. பெயர் மீண்ட வகை

1814இல் நார்வே தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஆயினும் அவ்வாண்டிலேயே சுவீடனோடு ஓரரசின் கீழ் இணைய நேர்ந்தது. அந்நூற்றாண்டில் அந்நாட்டறிஞர் தம் பழமையை நாடிச் சென்றனர். 1863இல் நாடகப் பேராசிரியர் இப்சன் நான்காம் ஹாக்கோனுக்கும் சுகூலேக்கும் நிகழ்ந்த போராட்டத்தை நாடகமாக இயற்றினார். 1869இல் பெர்க்சிலியன் என்னும் ஓவியர், குழந்தை ஹாக்கோனைச் சுமந்து பனியிற் செல்லும் இரு வீரரையும் தீட்டினார். பழைய நார்சுப் பெயர்களைக் குழந்தைகட்கு இடும் வழக்கம் குடிமக்களிடையேயும் பெருகிற்று. 1877இல் பிறந்து பின்னர்த் தொல்பொருளாராய்ச்சியிற் புகழ்பெற்ற ஹாக்கோன் செட்டெலிக்கு என்பார் பெயரே இதற்கு எடுத்துக்காட்டாகும். எனவே அரியணைக்குத் திரும்புமுன்னரே இப்பெயர் நூலகத்திலும் அரங்கிலும் தொட்டிலிலும் மீண்டுவிட்டது எனலாம்.

1905 சூன் 7இல் நார்வேப் பாராளுமன்றம் சுவீடனோடு கொண்ட இணைப்பு முடிவுற்றதென அறிவித்தது. ஆகத்துத் திங்களில் மக்கள் கருத்தறிய எடுத்த வாக்கெடுப்பில் 3,68,208 பேர் அதற்கு இசைந்தனர். மறுத்தவர் 184 பேரே. நான்சன் முதலியோர் இளவரசர் கார்லை அரசராக வருமாறு வேண்டினர். குடியரசு வேண்டுவார் பலர் நாட்டில் உளர் என்பதை அறிந்த அவர், மக்களையே கேட்டறிதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். நவம்பர்த் திங்களில் நிகழ்ந்த அவ்வாக்கெடுப்பில் 2,59,563 பேர் இசைந்தனர்; 69,264 பேர் மறுத்தனர். அதன் பின்னரே அவர் ஹாக்கோன் ஆனார். உழவர் பேரவையில் மறுமொழி கேட்டு நின்ற முதல் ஹாக்கோனின் காட்சி ஈண்டு நினைவிற்கு வருகின்றது.

இரண்டு அகவையினனாகிய அவர் மகனின் பெயர் அலெக்சாந்தர் என்பது. அதுவும் ஓலாவ் என மாற்றப்பட்டது. ஆறாம் ஹாக்கோனும் அவர் மகன் ஓலாவுமே பழைய வரிசையில் இறுதியாக நின்ற தந்தையும் மகனும் ஆவர். வரிசை அறுந்த இடத்திலேயே புதிய தந்தையும் மகனும் அதனைத் தொடுத்தனர். 'ஏழாம்' என்னும் எண்ணும் ஒரு வரலாற்றுத் தீர்ப்பே என்பது அறியத்தக்கது. இடைக்கால அரசர் தம்மை எண்ணாற் குறிக்காது தந்தை பெயராலேயே குறித்தனர். 1093 முதல் ஈராண்டளவு ஒரு பகுதியை ஆண்ட ஹாக்கோன் மாக்னுசன் என்பார் இவ்வெண்ணிக்கையிற் சேர்க்கப்பட்டிலர். எவரை எண்ணுவது, எவரை விடுவது என்னும் முடிவின்மேல் அமைந்ததே இவ்வேழு. இடையிட்ட 525 ஆண்டுகளும் நார்வேயின் தொடர்ச்சியை அழித்துவிடவில்லை என்பதே அவ்வெண் கூறிய செய்தி.

7. பெயர் உரியதான நாள்

பெயர் பூணுதல் எளிது. அதற்கு உரியவராதல் அரிது. 1940 ஏப்பிரல் 9இல் செருமானியப் படைகள் டென்மார்க்கையும் நார்வேயையும் ஒருங்கே தாக்கின. டென்மார்க்கின் அரசர் பத்தாம் கிறித்தியன், ஹாக்கோனின் தமையனார். அந்நாடு சில மணி நேரத்திற் பணிந்தது. நார்வேயிலோ, ஆசுலோ கடற்கழியின் கோட்டையிலிருந்து சுட்ட குண்டுகளாலும் நீர்மூழ்கிக் கணைகளாலும் பகைவரின் பெருங்கப்பல் ஒன்று மூழ்கவே, அரசரும் அமைச்சரும் தலைநகர் நீங்கக் காலம் வாய்த்தது. அன்று மாலை குவிசுலிங்கு என்பான் வானொலியில் தன்னையே தலைமை அமைச்சனென அறிவித்துக்கொண்டான். மறுநாள் செருமானியத் தூதர், எல்வெரும் என்னும் ஊரில் அரசரைக் கண்டு அவனை ஏற்குமாறு வற்புறுத்தினார்.

அரசர் தாமே முடிவு கூறாது அமைச்சரவையைக் கூட்டினார். மக்கள் நம்பிக்கையைப் பெறாத ஒருவனைத் தலைமை அமைச்சனாக அமர்த்தத் தம்மால் இயலாதென்றும், அமைச்சர்கள் இசைவது தக்கதெனக் கருதின் தாம் முடி துறப்பதாகவும் உரைத்தார். அமைச்சரும் அவர் வழி நின்றனர். மறுநாள் அவர் தங்கியிருந்த நிபெர்க்சுண்டு என்னும் சிற்றூரின்மீது குண்டு வீசப்பட்டது; அரசரும் இளவரசர் ஓலாவும் பனி மூடிய காட்டிற் புகுந்து உயிர் தப்பினர். சூன் 7இல் திரோம்சோவிலிருந்து ஆங்கிலக் கப்பலேறி இங்கிலாந்து சென்றனர். பகைவர் நெருக்கலால் பாராளுமன்றத் தலைவர்கள் முடி துறக்குமாறு எழுதியபோதும், அவ்வேண்டுகோள் உரிமையோடு எழுந்ததன்று எனக் கூறி மறுத்தார். எச் என்னும் எழுத்தையும் ஏழு என்னும் எண்ணையும் பிணைத்த அவர்தம் பெயர்க்குறியை மக்கள் சுவர்களிலும் பனியிலும் எழுதினர். 1905இல் அறிஞர் சிலரே ஆய்ந்துணர்ந்த 'ஏழு' என்னும் எண், இப்போது பொதுமக்கள் கையில் எதிர்ப்பின் அடையாளம் ஆயிற்று.

1945 சூன் 7இல் அவர் ஆசுலோ திரும்பினார். இணைப்பு நீங்கிய நாளும், நாடு நீங்கிய நாளும், மீண்ட நாளும் ஒரே தேதியாக அமைந்தன. அவர் 1957 செப்டம்பர் 21இல் மறைந்தார்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். 'உயர்குடித் தோன்றல்' என்று பொருள்படும் இப்பெயர் குடிப்பிறப்பையே சுட்டுகின்றது. ஆனால் இதனைத் தாங்கிச் சிறந்தோர் வரலாறு, பிறப்பு ஒன்றே போதாமையைக் காட்டுகின்றது. முதல் ஹாக்கோன் அயல்நாட்டில் வளர்ந்தவர். நான்காம் ஹாக்கோன் பிறப்பில் ஐயப்பட்டவர். ஏழாம் ஹாக்கோன் அயல்நாட்டிற் பிறந்தவர். மூவரும் குடிகளின் இசைவினாலேயே அப்பெயர்க்கு உரியராயினர். நார்வேயிற் பிறந்த குவிசுலிங்கு பகைவரோடு சேர்ந்தான். டென்மார்க்கிற் பிறந்த ஹாக்கோன் நார்வேக்கு அரணானார். ஒலியொப்புமை சொல்லுறவுக்குச் சான்றாகாதவாறு போலவே, பெயரொப்புமையும் மரபுரிமைக்குச் சான்றாகாது, ஒழுக்கமே சான்றாகும்.

ஐந்தாம் ஹரால்டின் மகனுக்கு, 1973இல் பிறந்தபோது, பூட்டனார் பெயராகிய ஹாக்கோன் என்பதே இடப்பட்டது. பொதுமக்களிடையேயும் அப்பெயர் வாழ்கின்றது. 1994இல் இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் முறையினை முன்மொழிந்த நார்வே அறிஞர் ஹாக்கோன் வியும் லீ இப்பெயரினரே. தம் குழந்தைக்குப் பெயர் தேடும் நார்வேப் பெற்றோர்க்கு முதலில் நினைவிற்கு வருபவர், நெடுங்காலத்திற்கு முந்திய வீரர் அல்லர். 1940இல் அமைச்சரவை முன் நின்று தம் முடியைத் துறக்கவும் முன்வந்த முதியவரே ஆவர் என்று கருதுதல் பிழையாகாது.